எலுமிச்சை ஜவ்ஹர்

என் தங்கை அக்தரின் புருஷன் ஹெஷ்மத் உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் பேட்டையில் யாரும் கிடையாது. டீயைக்கூட நடந்துகொண்டேதான் குடிப்பான். சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு, தம்ளரை ஏந்தியபடி கழிவுநீர்த் தொட்டி ஓரமாக நடப்பான், எட்டிப் பார்ப்பான், திரும்புவான், மறுபடியும் எட்டிப் பார்ப்பான். நானோ உட்கார்ந்த இடத்தில் ஊன்றிப்போகிற ஆள். அவனைப் பார்த்தாலே எனக்கு மூச்சு வாங்கும்.

"தொட்டி எங்கயும் ஓடிடாது மாப்பிள்ளை. கொஞ்சம் உக்காரு" என்பேன்.

"ரெண்டு பேருக்கும் சேத்து நீதான் உக்காந்திருக்கியே மச்சான், அது போதும்" என்பான்.

அவன் பார்த்த வேலைகளைச் சொல்ல ஆரம்பித்தால் டீ ஆறிவிடும். ஷிராஸ் போகிற பேருந்தில் கிளீனராக இருந்தான். கூழாங்கல் அடுப்பில் ரொட்டி சுட்டான். கல் அறுக்கும் பட்டறைக்குப் போனான், ஜன்னலுக்குக் கண்ணாடி பொருத்தினான், ஒரு கோடை முழுவதும் யாருடைய தேனீப் பெட்டிகளையோ லாரியில் ஏற்றிக்கொண்டு மலைமலையாக அலைந்தான். எங்கேயும் சண்டை போட்டுக்கொண்டு விலகியதில்லை. ஒருநாள் காலையில் செருப்பை மாட்டுகிற விதத்திலேயே தெரிந்துவிடும், இன்றைக்கு ஆள் வேறு திசையில் போகப் போகிறான் என்று. அக்தர் அழுது பார்த்தாள், ஏசிப் பார்த்தாள். பிறகு அவன் சம்பாத்தியத்தை நம்புவதை விட்டுவிட்டு, பேட்டையின் கடைக்கோடியில் ஒரு கொட்டகையைப் பிடித்து, பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு சொந்தமாகக் கழுவும் வேலையைத் தொடங்கினாள்.

இஸ்ஃபஹானுக்கு வெளியே இருக்கிற எங்கள் பேட்டை முழுக்க முலாம் பட்டறைகள்தான். முலாம் போடுவதற்கு எங்கள் பேச்சில் 'நீர்வேலை' என்று பேர். ஆற்றில் வருஷத்தில் பாதி நாள் ஒரு சொட்டு ஓடாது, ஆனால் செய்வது நீர்வேலை. டீக்கு வெந்நீர் கொதிக்கும் பழைய சாமோவர், தண்ணீர்க் குழாய், கதவுக் கைப்பிடி எல்லாம் முதலில் அக்தரின் கொட்டகைக்கு வரும். அங்கே ஆசிட்டில் முக்கி, துருவையும் உப்புப் படலத்தையும் தேய்த்துக் கழுவி அனுப்புவார்கள். பிறகு பட்டறைகளில் நிக்கல் ஏறி, முகம் பார்க்கிற மாதிரி மின்னும். எல்லாப் பட்டறைகளின் கழிவு நீரும் ஒரே வாய்க்காலில் இறங்கி, கடைசியில் எங்கள் தொட்டிக்கு வந்து சேரும்.

அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையை ஹெஷ்மத்துக்கு வாங்கிக் கொடுத்தவன் நான்தான். நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. தண்ணீரில் கரைந்துபோன நிக்கலைக் கையால் பிடிக்க முடியாது, எந்தத் துணியாலும் வடிகட்ட முடியாது. சுண்ணாம்புப் பாலை அளவாக ஊற்றிக் கலக்கினால்தான் அது பச்சையாகத் திரளும். பால் திரிந்தது போலத் திரி திரியாகி, மெதுவாக, மிக மெதுவாக, அடியில் போய்ப் படியும். மேலே தெளிந்த தண்ணீரை அவன் வெளியே திறந்துவிடுவான். அடியில் கிடக்கும் பச்சைச் சேற்றை நான் எந்திரத்தில் பிழிந்து, கட்டியாக்கி, மூட்டை கட்டுவேன். ஆக, அவன் வேலையில் முக்கால்வாசி சும்மா இருந்து காத்திருப்பது. சும்மா இருக்கவே தெரியாத ஒருவனை இதில் கொண்டுவந்து விட்டிருந்தேன்.

ஆனாலும் நின்றான். குளிர்காலம் போய்ப் புத்தாண்டு விடுமுறையும் வந்துவிட்டது, அவன் அங்கேயேதான் இருந்தான். நடந்துகொண்டுதான் இருந்தான், ஆனால் அதே தொட்டியைச் சுற்றி. "அண்ணே, கண்ணு பட்டுடப் போகுது, பேசாம இருங்க" என்றாள் அக்தர்.

கண் பட்டுத்தான் விட்டது. விடுமுறை முடிந்து பட்டறைகள் திறந்த பிறகு தண்ணீர் படிய மறுத்தது. சுண்ணாம்பு ஊற்றினால் கொஞ்சம் திரளும், மீதி அப்படியே மங்கலான பச்சையாக நின்றுகொண்டு நம்மையே பார்க்கும். இன்ஜினியரம்மா பரஸ்தூ ஒரு சின்னக் குப்பியில் சொட்டு மருந்து கொடுத்து வைத்திருந்தார். வெளியே போகிற தண்ணீரில் அதை விட்டால், நிக்கல் இருந்தால் ரோஜா நிறம் வரும், இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. ஹெஷ்மத் சொட்டு விட்டான், ரோஜா வந்தது. சுண்ணாம்பைக் கூட்டினான், அப்போதும் ரோஜா. கலக்கியைக் கழற்றித் துடைத்தான், வாய்க்காலில் இறங்கிச் சேற்றை வாரினான், என் எந்திரத்தின் துணிகளையெல்லாம் சந்தேகப்பட்டு உதறினான். மறுபடியும் சொட்டு விட்டால் கல்யாண வீட்டு ஷர்பத் மாதிரி அழகான ரோஜா.

"இந்த நிறம் கனவுலகூட வருது மச்சான்" என்றான்.

அந்த வாரமே சுற்றுச்சூழல் இலாகா ஆட்கள் வந்து பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆறு வற்றிக் கிடப்பதால் எங்கள் தண்ணீரைத்தான் கீழேயிருக்கும் மாதுளைத் தோட்டங்கள் குடிக்கின்றன. அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்று. சனிக்கிழமை மறுபடியும் வருவோம், அப்போதும் நிக்கல் இருந்தால் பேட்டைக்குப் பூட்டு. பூட்டு என்றால் எல்லாப் பட்டறைகளுக்கும்தான். பெரிய பட்டறைக்காரர்கள் ஊரில் வேறு இடம் பார்த்துக்கொள்வார்கள். அக்தருக்கு அந்தக் கொட்டகையை விட்டால் போக்கிடம் இல்லை.

ஹெஷ்மத் இன்ஜினியரம்மாவைக் கூப்பிட்டான். அவர் வந்து, ஒரு பாட்டிலில் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தார்.

"ஹெஷ்மத் ஐயா, தப்பு உங்க மேல இல்ல. நிக்கலை யாரோ கையைப் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்காங்க. நீங்க சுண்ணாம்பைக் கொட்டிக் கொட்டிக் கூப்பிடுறீங்க, அது வர மாட்டேங்குது. இப்படிப் பிடிச்சுக்கிற சாமான் நிறைய இருக்கு. எந்தப் பட்டறையிலயோ புதுசா எதையோ ஊத்துறாங்க. போய் விசாரிங்க."

விசாரிப்பது என்றால் அவனுக்குச் சொல்லவா வேண்டும். அவன் முன்னே ஓட, நான் பின்னே இழுபட்டேன். எங்கள் ஊரில் ஒரு பட்டறைக்குள் நுழைந்து ஒரு கேள்வியைக் கேட்டுப் பதில் வாங்குவது சாமான்யம் இல்லை. வாங்க, உக்காருங்க, நீங்க வந்ததே எங்க பாக்கியம், வீட்டுல எல்லாரும் சௌக்கியமா, டீ எடுத்துக்குங்க, இன்னொண்ணு எடுத்துக்குங்க. இதெல்லாம் முடிந்த பிறகுதான் கேள்விக்கு வரலாம். ஹெஷ்மத் வாசற்படியில் நின்றே கேட்டான்: "புதுசா எதையாவது ஊத்துறீங்களா?" முகத்தில் அடித்த மாதிரி கேட்டால் யார் பதில் சொல்வார்கள்? எல்லாரும் இல்லை என்றார்கள். அவன் அடுத்த வாசலுக்குப் போய்விட்டான். எனக்காக ஊற்றிய டீயெல்லாம் வீணானதுதான் மிச்சம்.

அக்தரின் கொட்டகையிலும் தலையை நீட்டினான். "என்ன ஊத்துறீங்க?"

உள்ளே தேய்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நிமிராமலே சொன்னாள்: "ஜவ்ஹர்தான் ஐயா. வேறென்ன?"

"கொஞ்சம் நின்னு கேளுங்களேன்" என்றாள் அக்தர், ஒரு சாமோவருக்குப் பின்னாலிருந்து. அதற்குள் அவன் தெருமுனைக்குப் போயிருந்தான்.

நானும் நிற்கவில்லை. எங்கள் வாயில் ஆசிட்டுக்குப் பெயர் ஜவ்ஹர். கழுவுகிற கொட்டகையில் ஜவ்ஹர் என்றால் உப்பு ஜவ்ஹர்தான், மூடியைத் திறந்த மாத்திரத்தில் கண் எரிந்து தொண்டை கமறுகிற சரக்கு. அக்தர் வேலை தொடங்கிய நாளிலிருந்து அதைத்தான் ஊற்றுகிறாள், அது தொட்டிக்குப் பழகின விருந்தாளி. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

கடைசியில் ஹெஷ்மத்துக்குப் பொறுமை போய், பேட்டைச் சங்கத் தலைவர் ஹாஜி சஃபரையே பிடித்துக்கொண்டான். அவர் பட்டறையில்தான் ஏதோ வெளிநாட்டுப் பளபளப்பு மருந்து வந்திருக்கிறது என்று பத்துப் பேர் முன்னால் சொன்னான். ஹாஜி ஜெபமாலையை உருட்டுவதை நிறுத்தினார்.

"உன் தொட்டியில தண்ணி அடங்கலைன்னா என் பட்டறையா பொறுப்பு? ஒரு வேலையிலயும் ஒட்டாத ஆளைக் காவலுக்கு வச்சா தண்ணி மட்டும் எப்படிய்யா அடங்கும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஹெஷ்மத்தும் சேர்ந்து சிரித்தான், ஆனால் காது சிவந்துபோயிற்று. எனக்கு ஹாஜியின் தாடியைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. சொன்னதில் உண்மை இருந்ததால்தான் அத்தனை கோபம்.

வியாழக்கிழமை சாயங்காலம், மறுநாள் விடுமுறை என்பதால், அக்தர் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். விரிப்பில் அப்கூஷ்த் சட்டி ஆவி பறந்துகொண்டிருந்தது. நான் ரொட்டியைப் பிய்த்து ஆட்டுக்கறிச் சாற்றில் போட்டுக்கொண்டிருந்தேன். ஹெஷ்மத் வழக்கம்போல ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தபடி, ஹாஜி என்ன சொன்னார், இவன் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தான். அக்தர் ஒரு நாரத்தம்பழத்தை இரண்டாக நறுக்கி, எங்கள் கிண்ணங்களின் மேல் பிழிந்தாள்.

ஹெஷ்மத் பாதிப் பேச்சில் நின்றுவிட்டான்.

"நீ பிழியறியா?"

"பின்னே யார் பிழிவா? பக்கத்து வீட்டுக்காரியா?"

"கை எரியலையா உனக்கு?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. எத்தனையோ வருஷமாக அவள் நாரத்தையை என் பக்கம் தள்ளிவிடுவாள், "நீங்க பிழிஞ்சு குடுங்க அண்ணே" என்று. உப்பு ஜவ்ஹர் கையுறைக்குள்ளும் இறங்கி, விரல் இடுக்கெல்லாம் வெடித்து, புளிப்பு பட்டால் துடித்துப்போவாள். இப்போது சாறு மணிக்கட்டு வரை வழிகிறது, அவள் சட்டை செய்யவில்லை.

ஹெஷ்மத் குனிந்து அவள் கையைப் பிடித்துத் திருப்பினான். வெடிப்பெல்லாம் மூடி, வெளுத்த கோடுகளாக இருந்தது.

"என்ன மருந்து போட்டே?"

"மருந்தும் இல்ல, மந்திரமும் இல்ல. புத்தாண்டுக்குச் சாமோவரை எலுமிச்சை ஜவ்ஹர் போட்டுத்தானே விளக்குவோம்? அப்ப தோணுச்சு. இது வீட்டுச் சாமோவருக்கு ஆகும்னா கொட்டகைச் சாமோவருக்கு ஆகாதா? மூட்டையா வாங்கிட்டேன். கொஞ்சம் நேரம் கூட ஆகுது, ஆனா பொண்ணுங்க யாரும் இருமறதில்ல. கை பாருங்க, புதுப்பொண்ணு கை மாதிரி ஆயிடுச்சு."

"ஜவ்ஹர்னாங்களே."

"ஜவ்ஹர்தானே. எலுமிச்சை ஜவ்ஹர். நின்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

ஹெஷ்மத் அவள் கையை விடவில்லை. "அதுதான் பிடிச்சு வச்சிருக்கு. நிக்கலை."

அக்தர் என்னைப் பார்த்தாள். "என்ன அண்ணே சொல்றார்? எலுமிச்சை, சாப்பிடற சாமான். குழந்தைங்க ஷர்பத்துல போடறது. அது தண்ணிய என்ன பண்ணும்?"

நான் விளக்கினேன். என் தங்கை மந்தமானவள் இல்லை, முழுக்கச் சொல்லி முடிப்பதற்குள் புரிந்துகொண்டாள். அவள் வாய்க்காலில் விடுகிற எலுமிச்சைத் தண்ணீர் எல்லாப் பட்டறைகளின் நிக்கலையும் வழியிலேயே கைப்பிடித்துக்கொள்கிறது, என்னதான் சுண்ணாம்பு போட்டாலும் விடுவதில்லை. எனக்கு முதலில் தோன்றியது வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்பதுதான். மாதுளை எவனுடையதோ, கை என் தங்கையுடையது. ஹெஷ்மத் அப்படி நினைத்ததாகத் தெரியவில்லை. அவன் ஏற்கெனவே ஒரு செருப்பை மாட்டிவிட்டிருந்தான்.

"போய் இன்ஜினியரம்மாகிட்ட சொல்லுங்க" என்றாள் அக்தர். "அந்தப் பழத்தை நாமளும்தானே வாங்கித் திங்கறோம். சனிக்கிழமையிலேர்ந்து பழையபடி உப்பு ஜவ்ஹருக்கே போயிடறேன்." சொல்லிவிட்டுக் கையை முக்காட்டு நுனிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அன்றைக்குக் கிண்ணத்தில் இருந்ததை அப்படியே விட்டு எழுந்தேன்.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்றும் பாராமல் இன்ஜினியரம்மா வந்தார். ஹாஜி சஃபரும் சங்கத்துக்காரர்களும் வந்து நின்றார்கள். இரண்டு பாட்டிலில் பட்டறைத் தண்ணீரை எடுத்து, ஒன்றில் மட்டும் அக்தரின் கழிவைச் சேர்த்து, இரண்டிலும் சுண்ணாம்பு போட்டார். ஒன்று பச்சையாகத் திரண்டு இறங்கியது. மற்றது அசையவில்லை. யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

"சங்கதி முடிஞ்சுது" என்றார் ஹாஜி. "தங்கச்சி பழைய ஜவ்ஹருக்குத் திரும்பட்டும்."

"இன்னொரு வழி இருக்கு ஹாஜி" என்றார் இன்ஜினியரம்மா. "அவங்க தண்ணிய வாய்க்கால்ல விடாம தனிப் பீப்பாயில பிடிக்கலாம். அதுலயும் பழைய சாமோவரோட செம்பும் நிக்கலும் இருக்கும், எலுமிச்சை விடாது. அதுக்கு சோடியம் சல்ஃபைடு போடணும். அதோட பிடி எலுமிச்சையைவிடப் பெருசு. உலோகத்தைப் பிடுங்கிக் கறுப்பாப் படிய வச்சிடும்."

தொட்டியில் தேங்கி நின்ற தண்ணீரை அப்படியே செய்தும் காட்டினார். முதலில் சுண்ணாம்பு போட்டு, நிறம் காட்டும் தாள் கருநீலமாகும் வரை கொண்டுபோய், பிறகு அந்தச் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். தண்ணீர் மை மாதிரி கறுத்தது. நேரம் ஆக ஆக மை அடியில் இறங்கி, மேலே தெளிந்தது. எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அழுகின முட்டை நாற்றமாம். எனக்கு ஆசிட் புகையில் மூக்குச் செத்துப் பல வருஷம் ஆகிறது, ஒன்றும் தெரியவில்லை.

"இந்த அளவு நாத்தத்தால ஒண்ணும் ஆகாது" என்றார் அவர். "ஆனா தாள் நீலத்திலேயே இருக்கணும். எலுமிச்சைப் புளிப்பு அதைப் பச்சைப் பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கும். பச்சைக்கு வந்துடுச்சுன்னா அதே நாத்தம் விஷக்காத்தாயிடும், ஆளைக் கொன்னுடும். அதனால கதவெல்லாம் திறந்து வச்சு, ஒரு ஆள் பீப்பாய் பக்கத்திலேயே உக்காந்திருக்கணும். தாளைப் பாக்கணும், சுண்ணாம்பு போடணும். ஆரம்பிச்சா முடியற வரைக்கும் எழுந்திரிக்கக் கூடாது. தினமும். நான் தினமும் வர முடியாது."

எல்லாத் தலைகளும் ஹெஷ்மத் பக்கம் திரும்பின. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"யதுல்லா உக்காரட்டுமே" என்று என்னைக் காட்டினார் ஹாஜி. "உக்காரவே பொறந்த மனுஷன்."

"அவருக்கு மூக்கு இல்லையே" என்றார் இன்ஜினியரம்மா. "முதல்ல எச்சரிக்கறது மூக்குதான்."

"நான் உக்கார்றேன்" என்றான் ஹெஷ்மத்.

இதற்குச் சிரித்தது அக்தர். சத்தமாக இல்லை, ஆனால் அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன். "நீங்களா? எத்தனை நாளைக்கு?"

அவன் தொட்டி ஓரமாக ஒரு நடை போய்த் திரும்பினான்.

"இல்ல இன்ஜினியரம்மா, வேண்டாம்" என்றாள். "என் கை என்னோட போகட்டும். இவர் உக்காந்திருப்பாருன்னு நம்பி அந்தப் பொண்ணுங்களையும் தோட்டத்தையும் நான் பணயம் வைக்க மாட்டேன். ஒருநாள் பாதியில எழுந்து போவார், யாராவது செத்துக் கிடப்பாங்க. இவரை எனக்குத் தெரியும்."

"நாளைக்கு ஒரு நாள் பாத்துட்டு முடிவு பண்ணலாமே" என்றார் இன்ஜினியரம்மா. அக்தர் கிளம்பிவிட்டாள். போகிற வழியிலேயே ஒரு கேன் உப்பு ஜவ்ஹருக்குச் சொல்லி வைத்துவிட்டாள் என்று பிறகு தெரிந்தது.

சனிக்கிழமை காலை, என் எந்திரம் இருக்கும் கூடத்தின் எல்லாக் கதவுகளையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, அக்தர் கொட்டகையின் எலுமிச்சைக் கழிவு நிரப்பின பீப்பாய் பக்கத்தில் ஒரு கவிழ்த்த கூடை மேல் ஹெஷ்மத் உட்கார்ந்தான். இன்ஜினியரம்மா முதல் சரக்கை அளந்து கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார். நான் எந்திரத்தைப் பார்த்துக்கொண்டே அவனையும் பார்த்தேன். உட்கார்ந்தானே தவிர அவன் உடம்பு உட்காரவில்லை. முழங்கால் துள்ளியது. விரல்கள் பீப்பாய் விளிம்பில் தாளம் போட்டன. வெளியே லாரி சத்தம் கேட்டால் கழுத்து திரும்பியது, அரை வழியில் நின்று, தாளுக்கே திரும்பியது. ஒரு தரம் எழுந்தேவிட்டான். இருந்த இடத்திலேயே நின்று, ஒரு காலை உதறிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தான். தாள் பச்சையைத் தொடப் பார்த்தது. சுண்ணாம்பு போட்டான், நீலத்துக்கு ஏறியது. அவன் நெற்றியில் வேர்வை வழிந்தது. அன்றைக்கு அப்படியொன்றும் வெயில் இல்லை.

இலாகா ஆட்கள் வந்தார்கள். பெரிய தொட்டியின் வாயில் தண்ணீர் பிடித்து, கொண்டுவந்த பெட்டியை வாசலிலேயே திறந்து சோதித்தார்கள். அத்தனை பேரும் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். நான் எந்திரத்தை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன். சொட்டு விழுந்தது. தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

வாசலில் ஒரே ஆரவாரம். ஹாஜி சஃபர் யாரையோ கட்டிப் பிடித்தார். இனிப்புப் பெட்டி பிரிந்தது. "ஹெஷ்மத், வாய்யா இங்க" என்று அவரே குரல் கொடுத்தார். "நான் சொன்னதை மனசுல வச்சுக்காதே. வந்து வாயை இனிப்பாக்கு."

வேறு நாளாக இருந்தால் முதல் ஆளாக அங்கே நின்றிருப்பான். "பீப்பாய் முடியல ஹாஜி" என்று இருந்த இடத்திலிருந்தே சத்தம் போட்டான்.

அக்தர் வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுத் துணிமூட்டை, இன்னொரு கையில் அந்த உப்பு ஜவ்ஹர் கேன். காலி இடத்தைப் பார்க்கத்தான் வந்தாள் என்று நினைக்கிறேன், பார்த்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போய்க் கேனைத் திறக்க. கதவருகே நின்றாள். அவன் நிமிரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவள், கேனைக் கதவுக்கு வெளியே, சுவரோரமாக வைத்துவிட்டு உள்ளே வந்து, பீப்பாய்க்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்தாள். மூக்கைப் பொத்தவில்லை.

"அண்ணே" என்றாள் என்னிடம், மெதுவாக. "இவருக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?"

"அது எப்பவோ நரைச்சாச்சே."

"நான் பாக்கவே இல்லையே. எப்பவும் போறவர் முதுகைத்தான் பாத்திருக்கேன்."

ஹெஷ்மத் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முகத்தை அப்புறம் பாரு. அந்தச் சுண்ணாம்பை இப்படிக் குடு" என்றான். அவள் வாளிக்குள் கையை நீட்டினாள். "கையால தொடாதே. கரண்டியில எடு."

அக்தர் சுற்றிலும் தேடிக் கரண்டியை எடுத்து, சுண்ணாம்பை அள்ளி அவனிடம் நீட்டினாள்.